ஏறக்கூடாத மரை

அத்தியாயம் 9

“வித்தாச்சு மேடம்!” என்றார் கடைக்காரர். பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்துவிட்ட தகப்பனைப் போலப் பல்லெல்லாம் தெரிந்தது.

உதவியாளன் பட்டாசு தோள்பையை இறுக்கிப் பிடித்தான். வக்கீலம்மா மட்டும் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“எதை வித்தீங்க?”

“நீங்க குடுத்துட்டுப் போன பிரேக் ஹோஸைத்தான். கடையில இருந்ததே அது ஒண்ணுதானே? மத்ததையெல்லாம்தான் நீங்க வாரிக்கிட்டுப் போயிட்டீங்களே.”

வாரிக்கொண்டு போனது உண்மை. சாட்சி பட்டாசின் தோளில் தொங்கியது. அந்தத் துணிப்பைக்குள், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இந்தத் தெரு முழுக்கச் சல்லடை போட்டுச் சேகரித்த ஹோஸ்கள் பாம்புக் குட்டிகளாய்ச் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளக் கறுப்பு ரப்பர், இரண்டு முனையிலும் பித்தளை. யோசனை வக்கீலம்மாவுடையது. அவள் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறிய வந்து எத்தனையோ காலம் ஆகியும், ஊருக்கு அவள் இன்னும் வக்கீலம்மாதான். அவளுடைய உதவியாளனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாய் ஓயாமல் வெடித்ததால் அந்தப் பெயர் புகையாய்ப் போய், பட்டாசு என்பதே நிலைத்துவிட்டது.

இன்று அந்தப் பட்டாசு நமுத்துப் போயிருந்தது. காரணம், அவர்கள் தேடுவது அவனுடைய சொந்தத் தம்பியை.

தம்பி ஓர் எஸ்டேட் முதலாளியிடம் டிரைவர். மூன்று நாளைக்கு முன், விடியும் வேளையில், முதலாளியின் ஐந்து வயது மகளும் ஷெட்டில் நின்ற பழைய ஜீப்பும் தம்பியும் சேர்ந்து காணாமல் போனார்கள். அது முதலாளியின் அப்பா காலத்து ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். ரோடே இல்லாத காட்டிலும் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். முதலாளி போலீசுக்குப் போகாமல் நேரே வக்கீலம்மாவிடம் வந்தார். ‘உங்க பட்டாசோட தம்பிதான் என் பொண்ணைக் கடத்திட்டான். அண்ணனுக்குத் தெரியாத பொந்தா?’ என்று சொல்லி, தேடப் போக ஒரு காரையும் கொடுத்துவிட்டுப் போனார். “திருடனைப் பிடிக்க வீட்டுக்கு வீடு அண்ணனை வெச்சுக்கிட்டா போலீஸே வேண்டாமே” என்று அன்று பட்டாசு ஒரு வெடி போட்டான். யாரும் சிரிக்கவில்லை, அவன் உட்பட. முதலாளியின் ஆட்கள் முந்திக்கொண்டால் தம்பி உயிரோடு கிடைக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குமேல் இன்னொரு பயமும் இருந்தது. ஒருவேளை தம்பி அந்தக் குழந்தையை நிஜமாகவே தூக்கிக்கொண்டு போயிருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவர்கள் கையில் சிக்கிய ஒரே துப்பு, மலைப்பாதை வளைவு ஒன்றில் கிடந்த அறுந்துபோன ஹோஸ் துண்டு. பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் ரப்பர் குழாய் அது. அது அறுந்தால் அந்தப் பழைய வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. மலையில் மாட்டிக்கொண்டவன் புது ஹோஸுக்கு ஆள் அனுப்பியே தீரவேண்டும். ஆகவே வக்கீலம்மா ஒரு வலை விரித்தாள். சரியான ஹோஸ்களை எல்லாம் வாங்கிவிடுவது. யார் வந்து கேட்டாலும் எல்லாக் கடைக்காரர்களும் இந்த ஒரு கடைக்குக் கைகாட்டுவது. இந்தக் கடையில் மட்டும், பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் வேறு வண்டி ஹோஸ் ஒன்றை வைப்பது. திருகி மாட்டும் முனையில் ஜீப்புக்கு இஞ்ச் மரை. வைத்ததோ மில்லிமீட்டர் மரை, ஒரு மயிரிழை பருமன் கூடுதல். “தலைகீழா நின்னாலும் ஏறாது மேடம்” என்று இதே கடைக்காரர்தான் சத்தியம் செய்தார். ஏறாத ஹோஸை வாங்கினவன் திரும்பி வருவான். வந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

“யாராவது வந்து கேட்டா உடனே போன் பண்ணுங்கன்னு சொன்னேனே?” என்றாள் வக்கீலம்மா.

“டிரைவர் ஒருத்தன் வருவான், இல்ல அவன் கூட்டாளி எவனாவது வருவான்னுதானே சொன்னீங்க? வந்தது ஒரு பொம்பளை.”

“பொம்பளைன்னா போனுக்கு வேற நம்பரா சார்?” என்றான் பட்டாசு.

“அழுதாங்கப்பா! அழுதுகிட்டு இருக்கிறவங்க முன்னாடி போனைத் தூக்கி, ‘மாட்டிக்கிச்சு வாங்க’ன்னு எப்படிச் சொல்றது?”

“எப்போ வந்தாங்க?”

“காலையில, கடையைத் திறந்த கொஞ்ச நேரத்துல. தலையோட முகத்தை மூடியிருந்தாங்க. கறுப்புக் கண்ணாடி வேற. ஆனா கால்ல மட்டும் ஆம்பளைச் செருப்பு, அதுவும் ரெண்டு சைஸ் பெருசு. ஒரு வார் அறுந்து, நீல நூல்ல தைச்சிருந்தது.”

பட்டாசு கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டான். போன மாதம் அந்த வாரைத் தைத்துக் கொடுத்தவனே அவன்தான். கறுப்பு நூல் இல்லாததால் நீலம் போட்டான். ‘என்னண்ணே, செருப்புக்குப் பொட்டு வெச்சு விட்டிருக்கே’ என்று தம்பி சிரித்தது காதில் கேட்டது.

“அவன் செருப்புதாம்மா” என்றான் மெதுவாக.

“நல்லது. அவன் உயிரோட இருக்கான், தன் செருப்பைத் தானே கழற்றிக் குடுத்திருக்கான். நடக்க வேண்டிய அவசரம் அவனுக்கு இல்லை. இவங்களுக்குத்தான் இருந்திருக்கு.” வக்கீலம்மா கடைக்காரரிடம் திரும்பினாள். “சாம்பிள் இல்லாம நீங்க ஒரு நட்டு கூடக் குடுக்க மாட்டீங்களே. அறுந்த துண்டு எங்ககிட்ட இருக்கு. அவங்க எதைக் காட்டி வாங்கினாங்க?”

“அதைக் கேளுங்க!” கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு பொருட்களை எடுத்து வைத்தார். ஒன்று, நடுவில் இரண்டு முடிச்சுப் போட்ட, வலை போன்ற மெல்லிய காஸ் துணி. “முடிச்சுக்கு முடிச்சு ஹோஸோட நீளம்.” இன்னொன்று, சுண்டுவிரல் பருமனில் ஒரு சிவப்புச் சோப்புக் குச்சி. அதன் நுனியைச் சுற்றி அழகாக மரை ஓடியிருந்தது. “சோப்பைச் சீவி, சக்கரத்துப் பக்கம் ஹோஸ் ஏறுற ஓட்டைக்குள்ள திருகி எடுத்திருக்கான். மரை அப்படியே பதிஞ்சு வந்திருக்கு. முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், சோப்புல சாம்பிள் இப்பத்தான் பார்க்கிறேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சும்மாவா சொன்னாங்க?”

“எல்லாம் சரி” என்றாள் வக்கீலம்மா. “சோப்போட வெச்சுப் பார்த்ததுமே நம்ம ஹோஸ் ஏறாதுன்னு தெரிஞ்சிருக்குமே. அப்புறம் எப்படி வாங்கிட்டுப் போனாங்க?”

கடைக்காரரின் நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது.

“ஏறாததை ஏற வைக்கிறதுக்குத்தானே மேடம் நாங்க இருக்கோம்? அந்தம்மா, ‘இது இல்லேன்னா நாங்க செத்தோம்’னு சொல்லி அழுதுது. எனக்கு மனசு கேக்கலை. மரை வெட்டுற கட்டை ஒண்ணு வெச்சிருக்கேன். முனையை அதுல விட்டு ஒரு சுத்து சுத்தினேன். இஞ்ச் மரை வந்துடுச்சு. இப்போ கையாலயே ஏறும். காசு கூட வாங்கலை.”

பட்டாசு பையிலிருந்து ஒரு ஹோஸை எடுத்து அதன் மரையைத் தடவினான்.

பட்டாசுக்கு இயந்திர ஞானம் அதிகம் இல்லை. ஆனால் தம்பியோடு ஒரே அறையில் வளர்ந்தவன். ஏற்கெனவே மரை இருக்கிற பித்தளை மேல் வேறொரு மரையைக் குறுக்கே வெட்டினால் என்ன மிஞ்சும் என்பது அவனுக்குத் தெரியும். பாதி பழைய மரை, பாதி புது மரை. இரண்டும் இல்லாத பொடிசான பல்வரிசை. பார்வைக்குப் பளபளக்கும். மெதுவாகப் பிரேக் பிடித்தால் பிடிக்கும். இறக்கத்தில் உயிர் போகிற மாதிரி ஒரு மிதி மிதித்தால், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

“தாங்குமா சார்?” என்று கேட்டான்.

“மெதுவா ஓட்டினா...” என்று ஆரம்பித்த கடைக்காரர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பெருமை மெல்ல இறங்கியது. “மலைக்கா கொண்டு போறாங்க? எனக்குத் தெரியாதே... யாரும் சொல்லலையேப்பா...”

வக்கீலம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படிப் பட்டாசு பார்த்ததே இல்லை. கோர்ட்டில் ஜட்ஜ்களைத் தண்ணீர் குடிக்க வைத்தவள், சோப்புக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரெண்டு பூட்டுப் போட்டேன் பட்டாசு” என்றாள். “போன் ஒண்ணு, ஏறாத மரை ஒண்ணு. ஒரு நல்ல மனுஷன் ரெண்டையும் திறந்துட்டாரு.”

“பிள்ளையார் பிடிக்கப் போயி நாம குரங்கு கூடப் பிடிக்கலைம்மா. எமனைப் பிடிச்சு, பார்சல் கட்டி அனுப்பி வெச்சிருக்கோம்.” சொல்லிவிட்டு, தன் வாயை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. தம்பியின் நம்பரை அழுத்தினான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும். அந்த இயந்திரக் குரல்காரி சலிக்காமல் அதே பதிலைச் சொன்னாள்.

“அழுத்துறதை நிறுத்து. யோசி” என்று எழுந்தாள் வக்கீலம்மா. காஸ் துணியை வெளிச்சத்தில் பிடித்துத் தட்டினாள். வெள்ளை மாவு உதிர்ந்தது. நுனி ஓரிடத்தில் கல்லாய் இறுகியிருந்தது. “இது என்ன?”

“சுண்ணாம்பா?”

“மாவுக்கட்டு. எலும்பு முறிஞ்சா போடுறது. சோப்பை முகர்ந்து பாரு.”

முகர்ந்தான். மருந்து நெடி மூக்கில் ஏறியது. “ஆஸ்பத்திரி கக்கூஸ் வாசனை.”

“ஆஸ்பத்திரின்னு சொன்னா போதும். யாருக்கோ எலும்பு முறிஞ்சிருக்கு. உன் தம்பிக்கு இல்லை, அவன் வண்டிக்குக் கீழே படுத்துச் சோப்பு திருகியிருக்கான். வந்த பொம்பளைக்கு இல்லை, அவங்க தெருத்தெருவா நடந்திருக்காங்க. மிச்சம் யாரு?”

“குழந்தை” என்றான் பட்டாசு.

“குழந்தையைக் கடத்தினவன் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கா தூக்கிட்டுப் போவான்? அப்படியே போனாலும், கூடவே அழறதுக்கு ஒரு பொம்பளையைக் கூட்டிக்கிட்டா போவான்?”

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. முதலாளி. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏதாவது தெரிஞ்சதா?” கரகரத்த குரல்.

“கிட்ட வந்துட்டோம் சார். உங்க மனைவி எப்படி இருக்காங்க? பாப்பாவைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே.”

“அவளா... அழுது அழுது மயங்கிட்டா. மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கு. எழுப்ப முடியாது.”

“வேண்டாம், தூங்கட்டும். பாப்பாவுக்கு உடம்புல அடையாளம் ஏதாவது? காயம், கட்டு?”

பதில் வர ஒரு மூச்சு தாமதமானது. அந்த ஒரு மூச்சே போதுமாக இருந்தது. “ஒண்ணும் இல்லையே. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான். ஹோஸ் வாங்கினவன் கடற்கரை ரோட்டுப் பக்கம் போயிருக்கான். ஆளுங்களை அங்க அனுப்புங்க.”

போனை அணைத்துவிட்டு அவள் வெறுப்போடு சிரித்தாள். “தூங்கிட்டு இருக்கிற பொண்டாட்டி, காலையில உன் தம்பி செருப்பைப் போட்டுக்கிட்டு இந்தக் கடைக்கு வந்துட்டுப் போயிருக்கா. அந்தாளு ஏன் போலீசுக்குப் போகலைன்னு முதல் நாளே கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் புத்தி. மலை மேல ஆஸ்பத்திரி எது?”

“உச்சியில ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு மேடம்” என்றார் கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதுக்குப் பின்னால காட்டுப்பாதை. அந்தப் பக்கம் இறங்கிடலாம். ஆனா ஜீப் மட்டும்தான் போகும். செங்குத்து இறக்கம்.”

செங்குத்து இறக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் பட்டாசு ஓட ஆரம்பித்தான்.

*

காரை வக்கீலம்மா ஓட்டினாள். பட்டாசின் கையில் கொடுத்திருந்தால் முதல் வளைவிலேயே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். எதிரே வண்டி வரும்போதெல்லாம் அது ஜீப்பா என்று எட்டிப் பார்த்தான். பள்ளத்தில் ஏதாவது தகரம் மின்னினால் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏதாவது பேசு” என்றாள் அவள்.

“அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சொல்லுவாங்க. நான் உதவுற லட்சணத்துக்கு, அவன் அடியே வாங்கியிருக்கலாம்.”

“இது என்னோட யோசனை பட்டாசு. உன்னோடது இல்லை.”

“மூட்டை சுமந்தது நான்தானேம்மா. ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, ‘இருக்கிறதெல்லாம் குடு’ன்னு வாங்கினது இந்தக் கை. அவன் என்னை நம்பி மறைஞ்சு கிடக்கிறான். எவன் வந்தாலும் எங்க அண்ணன் பார்த்துக்குவான்னு நினைச்சிருப்பான். சின்னதுல இருந்து அப்படித்தான் நினைப்பான், மடப்பய.”  அவன் அழுதான். வக்கீலம்மா கியரை மாற்றி இன்னும் வேகமாக ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி என்பது ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். பின்பக்கம் துணி துவைக்கும் கல், கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அந்த விரிப்புகளுக்கு அப்பால் எஞ்சின் உறுமியது.

பட்டாசு ஈர விரிப்புகளைக் கிழிக்காத குறையாகப் புகுந்து ஓடினான். பச்சை நிறம் வெளுத்த ஜீப், காட்டுப்பாதையைப் பார்த்து நின்றது. பின் சீட்டில் காலில் மாவுக்கட்டோடு குழந்தை. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெண். ஸ்டியரிங்கில், வெறுங்காலோடு, தம்பி.

“டேய்! நிறுத்துடா! நகர்த்தாதே!”

தம்பியின் கை சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பானரை எடுத்தது. ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “அண்ணே! நீயா? எப்படிண்ணே கண்டுபிடிச்சே?”

“எஞ்சினை அணை முதல்ல!”

“பயப்படாதேண்ணே. எல்லாம் மாட்டியாச்சு. பிரேக் கல்லு மாதிரி நிக்குது. அம்மாவையும் பாப்பாவையும் அந்தப் பக்கம் இறக்கி, இவங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு நானே உன்கிட்ட வரலாம்னு...”

“ரெண்டு காலையும் வெச்சு மிதி.”

“என்னது?”

“பிரேக்கை! உன் பலம் மொத்தமும் போட்டு மிதிடா!”

தம்பி குழம்பினாலும் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை. முதுகை சீட்டில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலாலும் அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினான். சக்கரத்துக்குள் டக்கென்று ஒரு சத்தம். பெடல் சரிந்து தரையில் போய் ஒட்டியது. முன் சக்கரத்தின் அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி மண்ணை நனைத்தது.

“மாமா, வண்டி ஒண்ணுக்குப் போகுது” என்றது குழந்தை.

 தம்பி முன்னால் தெரிந்த இறக்கத்தைப் பார்த்தான். பாதை மூன்று ஆள் உயரம் சட்டென்று சரிந்து, ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. பாறைக்கு அப்பால் வெறும் ஆகாயம். 

“அந்தக் கடைக்காரர் நல்லவர்னு நினைச்சேனே” என்றாள் அந்தப் பெண். கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணைச் சுற்றிக் கன்றிப் போயிருந்தது. “பால் வண்டியில தொத்திக்கிட்டுக் கீழே போயி, தெரு முழுக்கக் கேட்டேன். எவனோ ஒருத்தன் நல்ல ஹோஸையெல்லாம் மூட்டையா கட்டிக்கிட்டுப் போயிட்டானாம். குழந்தையை வெச்சுக்கிட்டு நாங்க படுற பாட்டுக்கு, அவன் விளங்குவானா?”

“விளங்க மாட்டான்மா” என்றான் பட்டாசு. பையை ஜீப்பின் பானெட்டில் கவிழ்த்தான். “அவன் நான்தான்.”

தம்பி ஹோஸ்களைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.   ஒரு ஹோஸை எடுத்து மரையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

வக்கீலம்மா அந்தப் பெண்ணின் அருகே போய் மெதுவாகக் கேட்டாள். “பாப்பா காலு?”

“மாடிப்படியில இருந்து.” அவள் குழந்தையின் காதைப் பொத்தினாள். “என்னை இழுக்க வந்தாரு, இவ குறுக்கே வந்தா. ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னுட்டாரு, வெளியில தெரிஞ்சா மானம் போயிடுமாம். ராத்திரி முழுக்கப் பாப்பா முனகிக்கிட்டே கிடந்தா. விடியறப்போ நான்தான் இந்தத் தம்பி கால்ல விழுந்தேன். ஊருல இருக்கிற ஸ்டேஷன்ல அவருக்குன்னு தனி நாற்காலியே இருக்கு. பஸ் ஸ்டாண்டுல அவரு ஆளுங்க. இந்த வண்டியை விட்டா எங்களுக்கு வழி இல்லை.”

வக்கீலம்மாவின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை, சுற்றிலும் அவ்வளவு அமைதி.

“வக்கீலம்மா” என்றார் முதலாளி. “கடற்கரைக்குப் போகச் சொன்னீங்க. என் கார் மட்டும் ஏன் மலை ஏறுது?”

பட்டாசு திரும்பி, கட்டடத்தின் முன்னால் அவர்கள் நிறுத்தியிருந்த காரைப் பார்த்தான். கால் வலிக்கக் கூடாதென்று கொடுத்த கார் இல்லை அது. போகிற இடத்தையெல்லாம் முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கும், நாய்க்குக் கட்டுகிற மணி. கழுத்தில் மணியோடு, மோப்பம் பிடித்து, இவர்கள் இருவருமே முதலாளியை நேரே இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கீழே வளைவில் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

“எத்தனை நேரம்டா ஆகும்?” என்று கத்தினான்.

“ஹோஸ் ஏறிடுச்சுண்ணே” என்றது அடியிலிருந்து குரல். “ஆனா ஏர் எடுக்கணும். குழாய்க்குள்ள காத்து இருந்தா பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். நீ ஏறி உட்காரு. நான் மிதின்னா மிதி, பிடின்னா அப்படியே பிடி. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் உயிரே போனாலும் காலை எடுக்காதே. எடுத்தா மறுபடியும் காத்து உள்ளே போயிடும்.”

பட்டாசு ஏறினான். அவர்களுடைய அம்மா சின்ன வயதில் ‘ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டியாடா’ என்று அவனை அடிப்பாள். இப்போது அவன் சும்மா இருக்க வேண்டும்.

“மிதி. மிதி. மிதி. பிடி!”

பிடித்தான். அடியில் புஸ்ஸென்று காற்று சீறியது. அந்த நேரம் பார்த்து, மேலே ஏறும் கார்களின் ஹாரன் கேட்டது. பட்டாசு திரும்பிப் பார்த்தான். கால் அரை அங்குலம் மேலே வந்துவிட்டது.

“அய்யோ அண்ணே! காத்து ஏறிடுச்சு! முதல்ல இருந்து!”

“மன்னிச்சுக்கடா...”

“பேசாதே! என் குரலை மட்டும் கேளு. மிதி. மிதி. மிதி. பிடி.”

கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஹாரன் கேட்டது, டயருக்கு அடியில் சரளை நொறுங்குவது கேட்டது. காலை எடுக்கவில்லை. வக்கீலம்மா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். முதலாளி கொடுத்த காரையே குறுக்கே நிறுத்தி நுழைவாசலை அடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பயத்தில் அழ ஆரம்பித்திருந்தது. தாய் அதன் வாயைப் பொத்தி, தானும் சத்தமில்லாமல் அழுதாள்.

“விடு... மிதி. மிதி. பிடி... இன்னும் ஒரு தடவை... விடு. போதும்!”

தம்பி வெளியே உருண்டு வந்தான். முகமெல்லாம் ஆயில். அண்ணனை இழுத்து இறக்கிவிட்டுத் தாவி ஏறினான். இரண்டு காலையும் வைத்து ஒருமுறை மிதித்துப் பார்த்தான். பெடல் நின்றது. ஆனால் நிறுத்தி வைத்த வண்டியில் நிற்பது வேறு. சரிவில் மூன்று உயிர்களின் பாரம் தள்ளும்போது நிற்பது வேறு. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

“அண்ணே...”

“போடா!”

ஜீப் விளிம்பைத் தாண்டிக் கீழே சரிந்து மறைந்தது.

கொடியில் தொங்கிய விரிப்புகளைப் பிய்த்துக்கொண்டு முதலாளி வந்தார். பின்னால் நாலைந்து தடியன்கள். வக்கீலம்மா மூச்சிரைக்க அவரை முந்திக்கொண்டு வந்து பட்டாசுக்கு முன்னால் நின்றாள்.

“தேடச் சொன்னீங்க, தேடிட்டேன்” என்றாள். “பாப்பா காலை உடைச்சது யாருன்னும் சேர்த்தே கண்டுபிடிச்சிட்டேன். கட்டுப் போட்ட டாக்டர் உள்ளே இருக்காரு. அந்தப் பக்கத்து ஊர் கோர்ட்டுல உங்க நாற்காலி எதுவும் இல்லைன்னு நினைக்கிறேன். மறுபடியும் கறுப்புக் கோட்டு மாட்டப் போறேன் சார்.”

முதலாளி அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பட்டாசின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “எங்கடா உன் தம்பி? எந்த வழியா போனான்? வாயைத் திறடா! நாள் பூரா திறந்தே கிடக்குற வாயிதானே?”

பட்டாசு ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தான்.

அவன் அவரைப் பார்க்கவே இல்லை. காது முழுக்கக் கீழே இருந்தது. எஞ்சின் சத்தம் வேகம் கூடிக்கொண்டே போனது. சரளைக்கற்கள் சிதறின. பாறை வளைவு வந்திருக்கும். இப்போது மிதித்திருப்பான். இப்போது. சத்தம் சட்டென்று அறுந்தது. முதலாளி ஓங்கி அறைந்தார். அறை வலிக்கவில்லை. கீழே ஒன்றும் கேட்காததுதான் வலித்தது. ஒரு பறவை கத்தியது. அவன் கடவுள்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், வாயைத் திறக்காமல்.

பிறகு, பாறைக்கு அப்பாலிருந்து, சின்ன கியரில் மெல்ல முனகிக்கொண்டு எஞ்சின் மறுபடி புறப்பட்டது. வளைவு தாண்டி, நிதானமாக, இறங்கிக்கொண்டே போனது.

 பட்டாசு முதலாளியின் பிடியிலிருந்து நழுவி, ஆயில் கொட்டிய மண்ணிலேயே உட்கார்ந்தான். உதட்டில் ரத்தம்; கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது; வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“பிரேக் பிடிக்குது சார்” என்றான்.